நியூட்ரலில் போட்டால் போதுமா? மோட்டார்ஹோம் பின்னால் கார் இழுப்பது பற்றி

நெடுவழி: மோட்டார்ஹோமுக்கு (தங்குற வசதியுள்ள வீட்டு வண்டி) பின்னாடி டோ பார்ங்கிற இழுவைக் கம்பி மாட்டி, நாலு சக்கரமும் தரையில உருள காரை இழுத்துட்டுப் போகப் போறேன். ஆட்டோமேட்டிக், முன்சக்கர டிரைவ். நியூட்ரல்ல போட்டா கியர்பாக்ஸுக்கு ஒண்ணும் ஆகாதுங்கிறாங்க. நம்பலாமா?

சாலைவாசி: தாராளமா நம்பலாம். நியூட்ரல்னா எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. வண்டி சும்மா உருளும். வீணா டிரெய்லருக்குப் பணத்தைக் கொட்டாதீங்க.

எண்ணெய்த்துளி: ஐயோ, வேண்டாங்க! நியூட்ரல்ல விடுபடுறது எஞ்சின் பக்கம் மட்டும்தான். சக்கரத்தோட சேர்ந்து கியர்பாக்ஸோட அவுட்புட் பக்கம் சுத்திக்கிட்டேதான் இருக்கும். பெரும்பாலான ஆட்டோமேட்டிக்ல ஆயில் பம்பைச் சுத்துறதே எஞ்சின்தான். எஞ்சின் நின்னா பம்பும் நின்னுடும். உள்ளே பேரிங், புஷ் (ஷாஃப்டைத் தாங்குற உலோக வளையம்) எல்லாம் எண்ணெய் இல்லாம மணிக்கணக்கா உராயும். அப்படிக் கெட்ட ஒரு பெட்டியைப் பிரிச்சப்போ பக்கத்துல இருந்து பார்த்தேன். புஷ் நீலம் பாரிச்சுக் கிடந்துச்சு, ஆயில் கருகி வாடை தாங்கல.

சாலைவாசி: அப்போ ஹோண்டா சிஆர்-வி ஆட்டோமேட்டிக்கை இத்தனை பேர் எப்படி இழுத்தாங்க? கம்பெனியே அனுமதிச்சதுதானே?

எண்ணெய்த்துளி: 2014 மாடல் வரைக்கும் அனுமதிச்சது உண்மை. ஆனா அந்தக் கியர்பாக்ஸோட அமைப்பே வேற. அதுக்கும் முறை உண்டு: எஞ்சினை ஓடவிட்டு, கியரை எல்லா நிலைக்கும் கொண்டுபோய், டிரைவ்ல இருந்து நியூட்ரலுக்கு மாத்தி, 3 நிமிஷம் கழிச்சுத்தான் அணைக்கணும். 8 மணி நேரத்துக்கு மேல இழுத்தா மறுபடியும் செய்யணும். 2015ல சிவிடி (கியர் படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக்) வந்ததும் அந்த அனுமதி போயிடுச்சு. ஒரே பேரு, அடுத்த வருஷ மாடல், பதில் தலைகீழ்!

மலைப்பாதை: மேனுவல் கியர்னா கவலையே இல்லையே?

எண்ணெய்த்துளி: முன்சக்கர டிரைவ் மேனுவல்ல பெரும்பாலும் பல்சக்கரமே எண்ணெயை வாரி இறைச்சுக்கும். பின்சக்கர டிரைவ்ல அப்படிச் சொல்லிட முடியாது. பல கியர்பாக்ஸ்ல எண்ணெயை மேலே தெளிக்கிற கீழ் ஷாஃப்ட், எஞ்சின் ஓடினாத்தான் சுத்தும். ஜீப் ராங்லர் கதை வேற. எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரல்ல போட்டு, ஆட்டோமேட்டிக்கை பார்க்லயே விட்டுடலாம். கியர்பாக்ஸ் சுத்தவே சுத்தாது.

சாலைவாசி: சரி, தனியா எலக்ட்ரிக் ஆயில் பம்ப் மாட்டிக்கலாமே? டாலி (காரோட முன்சக்கரத்தை மட்டும் ஏத்துற சின்ன இழுவை வண்டி) எடுத்துட்டுப் போனா முகாம்ல அதை எங்கே நிறுத்துறது? ஏத்தி இறக்கியே இடுப்பு ஒடிஞ்சிடும்.

எண்ணெய்த்துளி: டாலி தொல்லைதான், மறுக்கல. ஆனா அந்தப் பம்ப் எல்லா மாடலுக்கும் பொருந்தாது. வழியில அது நின்னுபோனா, ஓட்டுறவருக்கு எச்சரிக்கை விளக்கு இல்லாட்டி யாருக்குத் தெரியும்? முன்சக்கர டிரைவ் காருக்கு, கியர்பாக்ஸோட இணைஞ்ச முன்சக்கரத்தையே டாலி மேல தூக்கிடுறதுதான் நிச்சயமான வழி. நெடுவழி, உங்க மாடலும் வருஷமும் சொல்லுங்க. அதோட உரிமையாளர் கையேட்டுல 'மோட்டார்ஹோம் பின்னால் இழுத்தல்' பகுதியில என்ன போட்டிருக்குன்னு அப்படியே எழுதுங்க.

நெடுவழி: சிவிடி வண்டிங்க. கையேட்டைப் பார்த்துட்டேன். நாலு சக்கரமும் தரையில இருக்க இழுக்கக் கூடாதுன்னு கட்டம் கட்டிப் போட்டிருக்கு. டாலியே பார்க்கிறேன். அகலம் எவ்வளவு வேணும்னு யாராவது சொல்லுங்க.