ஜனவரியில் டெல்லி: விடிகாலை விமானமா, மதிய விமானமா, ரயிலா?

தண்டையார்பேட்டைக்காரன்:
வணக்கம். டெல்லியில் இருக்கும் தங்கைக்கு ஜனவரி முதல் வாரம் பிரசவத் தேதி கொடுத்திருக்கிறார்கள். தாய்வீட்டுக்கு அழைத்து வரலாம் என்றுதான் இருந்தோம், டாக்டர் இந்த நிலையில் பயணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் நாங்கள் போகிறோம். அம்மா, அப்பா, நான். அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை இருக்கிறது, இருவரும் விமானம் ஏறியதே இல்லை. காலை 5.45 விமானம் மலிவாக இருக்கிறது, 11.30 விமானத்துக்கு ஆளுக்கு 1,800 ரூபாய் கூடுதல். இல்லையென்றால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். அம்மா அங்கேயே தங்கிவிடுவார், நானும் அப்பாவும் பொங்கலுக்கு வீட்டில் இருக்கும்படி போகி அன்று விடிகாலையில் இங்கே வந்து இறங்குவதாகத் திட்டம். டிசம்பர் தொடக்கத்தில் வானிலைத் துறையின் குளிர்கால முன்னறிவிப்பு வரும் என்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடலாமா? அதற்குள் விலை ஏறிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

எண்ணூர் ராஜா:
தம்பி, மீனம்பாக்கத்தில் 14 வருஷம் கிரவுண்ட் ஸ்டாஃபாக வேலை பார்த்தவன் சொல்கிறேன், முன்னறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். அது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மூன்று மாதத்துக்குச் சேர்த்து, குளிர் வழக்கத்தைவிடக் கூடுமா குறையுமா என்று சொல்வது. ஜனவரி 3 காலையில் டெல்லி விமான நிலையத்துப் பக்கம் மூடுபனி இருக்குமா என்பதை அதில் தேட முடியாது, அது இரண்டு நாள் முன்னால்தான் ஓரளவு தெரியும்.

டெல்லியில் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி பாதி வரை மூடுபனி சகஜம். மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சி ஒன்று கொஞ்சம் மழை கொடுத்துவிட்டுப் போகும், தரை ஈரமாகிவிடும், அடுத்த இரவு மேகம் இல்லாமல் காற்றும் நின்றுவிட்டால் தரை சட்டென்று குளிர்ந்து பனி கவிந்துவிடும். நள்ளிரவுக்குப் பிறகு ஆரம்பித்து விடிகிற நேரத்தில்தான் உச்சம், வெயில் ஏற ஏறப் பத்து, பதினொரு மணிக்கு மேல் விலகும். 5.45-க்குக் கிளம்பினால் எட்டரைக்கு டெல்லி மேலே இருப்பீர்கள், சரியாக அந்த நேரத்தில். அங்கே 50 மீட்டர் கண்ணுக்குத் தெரிந்தாலே இறங்கும் அளவுக்குக் கருவி இருக்கிறது, ஆனால் விமானத்துக்கும் பைலட்டுக்கும் அதற்கான தகுதி இருக்க வேண்டும். புறப்படுவதற்கு அதைவிட அதிகம் தேவை, பல விமானங்களுக்கு 125 மீட்டர். அதனால் என்ன ஆகும் என்றால் வந்தவை இறங்கும், இருப்பவை கிளம்ப முடியாது, நிறுத்த இடம் தீர்ந்து, வருகிறவற்றை வானத்தில் சுற்றவிடுவார்கள் அல்லது ஜெய்ப்பூருக்குத் திருப்பிவிடுவார்கள். 71 வயதுப் பெரியவரை வைத்துக்கொண்டு அந்த ரிஸ்க் வேண்டாம்.

11.30-ஐப் போடுங்கள். ஒன்று மட்டும் பாருங்கள், அந்த விமானம் காலையில் டெல்லியிலிருந்து வந்து திரும்பப் போவதா என்று. அப்படியென்றால் அங்கத்திய பனி இங்கேயும் தாமதமாக வந்து சேரும். முந்தைய நாட்களில் அது எங்கிருந்து வந்தது என்று விமானங்களைக் காட்டும் செயலிகளில் பார்க்கலாம். மதியம் என்றால் தண்டையார்பேட்டையிலேயே மெட்ரோ ஏறி நேராக ஏர்போர்ட் போய்விடலாம், மாற வேண்டியதில்லை. விடிகாலை விமானத்துக்கு மூன்று மணிக்கு முன்னால் டாக்சிதான்.

பெரம்பூர் லோகோ:
ரயில் பற்றி நான் சொல்கிறேன், ஓய்வுபெற்ற ஆள். சென்ட்ரலில் இரவு 10 மணிக்கு ஏறினால் மூன்றாம் நாள் காலை டெல்லி என்பது கணக்கு. நாக்பூர், போபால் வரை பெரும்பாலும் பிரச்சினை இருக்காது, ஜான்சி, குவாலியர் தாண்டினால்தான் பனி. எஞ்சினில் ஜிபிஎஸ் கருவி இருக்கும், அடுத்த சிக்னல் எவ்வளவு தூரத்தில் என்று சொல்லிக்கொண்டே வரும், ஆனாலும் பனியில் மணிக்கு 75 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது. முன்னால் நிற்கும் வண்டியும் நகர வேண்டுமே. மூன்று, நான்கு மணி நேரத் தாமதம் என்றால் ஆச்சரியப்படாதீர்கள். ஒரு நல்லது, ரயிலில் படுக்கை இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, சர்க்கரைக்காரர் நேரத்துக்குச் சாப்பிடலாம். ஆனால் இரண்டு இரவு, அந்த ஊர்க் குளிர், அம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் யோசியுங்கள். திரும்புகையில் ரயில் என்றால், போன பெட்டிகள்தான் திரும்பி வரும், அது டெல்லிக்கு ரொம்பத் தாமதமாகப் போனால் கிளம்புவதும் தாமதமாகலாம். ஏறும் ஸ்டேஷனில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் போக விரும்பவில்லை என்றால், வண்டி கிளம்புவதற்குள் டிடிஆர் (டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) போட்டு முழுப் பணம் வாங்கலாம். பலர் இதைத் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

காசிமேடு செல்வி:
போகி காலை வேண்டவே வேண்டாம் தம்பி. 2018 போகி அன்று புகையும் பனியும் சேர்ந்து விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திரும்பிப் போயின, கிளம்ப வேண்டியவை மணிக்கணக்கில் நின்றன. அதற்கு இரண்டு வருஷம் கழித்து என் அக்காவும் போகிக்கு முந்தின நாள் இரவு கிளம்பி, இங்கே இறங்க முடியாமல் பெங்களூரில் இறக்கிவிடப்பட்டு, கைக்குழந்தையோடு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். விமான நிறுவனம் ஒரு பிஸ்கெட் பாக்கெட் கொடுத்ததோடு சரி. அவ்வளவு நேரம் தாமதமானால் சாப்பாடு கேட்கும் உரிமை உண்டு என்று அவளுக்கு அப்போது தெரியாது. வானிலையால் ஆன தாமதத்துக்கு இழப்பீடு கிடைக்காது, ஆனால் சாப்பாட்டைக் கேட்டு வாங்குங்கள்.

எனக்கு இதில் வருத்தம் அதிகம். ஜனவரி விடியலில் காற்றே இருக்காது, கீழே குளிர்ந்த காற்று, மேலே சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும், நம் தெருவில் எரிக்கும் டயர்ப் புகை எங்கேயும் போகாமல் தரையிலேயே தேங்கும். இந்தப் பக்கம் ஏற்கெனவே மணலி, எண்ணூர்ப் புகை. வீட்டில் இழுப்பு இருக்கும் குழந்தையை வைத்துக்கொண்டு போகி காலையில் நான் ஜன்னல் திறப்பதே இல்லை. பழைய பாயையும் துணியையும் எரித்த காலம் வேறு, டயரையும் பிளாஸ்டிக்கையும் ஏன் எரிக்கிறார்களோ.

போகிக்கு முந்தின நாள் மதியம் டெல்லியில் ஏறிவிடுங்கள், சாயங்காலம் வீட்டில் இருப்பீர்கள்.

தண்டையார்பேட்டைக்காரன்:
அண்ணே, அக்கா, எல்லோருக்கும் நன்றி. ரயில் வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார், முட்டி வலி இருக்கிறது. 11.30 போட்டுவிட்டேன். திரும்புவது போகிக்கு முந்தின நாள் மதியம் 2 மணி. கூடுதல் பணத்தைத் தங்கையின் வீட்டுக்காரரே தருவதாகச் சொன்னார், நான் வாங்கவில்லை.

எண்ணூர் ராஜா:
நல்லது தம்பி. அப்பாவின் மாத்திரை, ஊசி எல்லாம் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போட வேண்டாம், டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும். வீல்சேர் வேண்டும் என்று இப்போதே பதிவு செய்துவிடுங்கள், அன்று போய்க் கேட்டால் காத்திருக்க வைப்பார்கள்.