பழைய சர்வரில் எல்எல்விஎம் பில்டு செய்த கதை: உங்கள் அனுபவமும் எழுதுங்கள்

போன வாரம் முழுக்க எனக்கு ஒரே வேலைதான். அலுவலக சர்வர் ஒன்றில் எல்எல்விஎம் 16-ஐ (கம்பைலர்கள் கட்ட உதவும் மென்பொருள் தொகுப்பு) சோர்ஸிலிருந்து, அதாவது மூல நிரலிலிருந்து, பில்டு செய்ய வேண்டியிருந்தது. அந்த சர்வரில் ஓடுவது சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ். அதற்கு 2024 ஜூன் மாதத்தோடு ஆதரவு முடிந்துவிட்டது. அதனால் புதிதாக எதையும் நிறுவ அட்மின் ஒத்துக்கொள்ளவில்லை. என் ஹோம் டைரக்டரிக்குள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள், ரூட் மட்டும் கேட்காதே என்று சொல்லிவிட்டார். இதே நிலையில் இன்னும் பலர் இருப்பீர்கள். அதனால் எங்கெங்கே மாட்டிக்கொண்டேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் தடை, பில்டுக்கான அமைப்பைத் தயார்செய்யும் கருவியான சிமேக். சிஸ்டத்தில் இருந்தது 2.8, எல்எல்விஎம் 16 கேட்பது குறைந்தது 3.13.4. இது சின்ன விஷயம்தான். ரெடியான பைனரியை இறக்கி, பிரித்து, பாத்தில் சேர்த்தால் தீர்ந்தது.

அடுத்தது கம்பைலர். சிஸ்டத்தின் ஜிசிசி 4.8.5. எல்எல்விஎம் 16-இலிருந்து அதன் நிரல் சி++17-க்கு மாறிவிட்டது. ஜிசிசி என்றால் 7.1-க்குக் குறைந்து எதையும் சிமேக் ஏற்காது, தொடக்கத்திலேயே நின்றுவிடும். ரூட் இருந்திருந்தால் டெவ்டூல்செட்டை (சென்ட்ஓஎஸ்ஸுக்கான புதிய கம்பைலர் தொகுப்பு) நிறுவி அன்றைக்கே முடித்திருப்பேன். எனக்கு அந்த வழி இல்லை. சரி, ஜிசிசியையே சோர்ஸிலிருந்து பில்டு செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

ஜிசிசி 11-ஐத் தேர்ந்தெடுத்தேன். அதைப் பில்டு செய்ய சி++11 தெரிந்த ஒரு கம்பைலர் வேண்டும், 4.8 அதற்குப் போதும். ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி ஆகிய மூன்று கணித லைப்ரரிகள் இல்லாமல் கான்ஃபிகர் நகராது. அவற்றைத் தனித்தனியாகத் தேடி அலைய வேண்டாம். ஜிசிசி சோர்ஸுக்குள் கான்ட்ரிப் என்ற ஃபோல்டரில், தேவையானவற்றை இறக்கித் தர ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. சோர்ஸின் மேல் டைரக்டரியில் நின்று அதை ஒருமுறை ஓட்டினால் எல்லாம் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். இன்னொன்று, பில்டு செய்வதைச் சோர்ஸ் டைரக்டரிக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். வெளியே தனி டைரக்டரி ஒன்றைத் திறந்து அங்கிருந்து கான்ஃபிகரைக் கூப்பிடுங்கள்.

என் முதல் முயற்சி, 32 பிட் லைப்ரரிகள் இல்லை என்று சொல்லி நின்றது. அந்த எரர் செய்தியை முழுதாகப் படித்தால் விடையும் அதிலேயே இருக்கிறது: 64 பிட் மட்டும் போதும் என்றால் மல்டிலிப்பை (32, 64 பிட் இரண்டுக்கும் சேர்த்துக் கட்டுவது) நிறுத்திவிட்டு மறுபடி கான்ஃபிகர் செய். அப்படியே செய்தேன். மொழிகளில் சி, சி++ இரண்டை மட்டும் கேட்டேன், நிறுவும் இடமாக என் ஹோமுக்குள் டூல்செயின்ஸ் என்ற டைரக்டரியைக் கொடுத்தேன்.

அப்புறம் பில்டு ஓடியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜிசிசி தன்னை மூன்று கட்டமாகக் கட்டிக்கொள்கிறது. முதலில் பழைய 4.8 புதிய கம்பைலரைக் கட்டுகிறது. அந்தப் புதியது தன் சோர்ஸைத் தானே மறுபடி கட்டுகிறது. அதில் பிறந்தது இன்னொரு முறை கட்டுகிறது. கடைசி இரண்டு கட்டங்களின் ஆப்ஜெக்ட் ஃபைல்களையும் ஒப்பிட்டு, ஒன்றுபோல் இருந்தால்தான் மேலே போகிறது. ஒப்பீடு வெற்றி என்ற வரி திரையில் வந்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்துவிட்டது. இவ்வளவு கவனத்தோடு ஒரு மென்பொருள் தன்னைத்தானே சோதித்துக்கொள்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இனி எல்எல்விஎம்மை ஓட்டலாம் என்று உட்கார்ந்தால், சிமேக் இன்னும் 4.8.5-ஐயே காட்டுகிறது. சிசி, சிஎக்ஸ்எக்ஸ் என்ற இரண்டு என்விரான்மென்ட் வேரியபிள்களையும் புதிய கம்பைலருக்கு மாற்றியும் பலனில்லை. காரணம், முதல் முறை ஓடும்போதே சிமேக் கம்பைலரின் பாதையைத் தன் கேஷ் ஃபைலில் எழுதி வைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு வேரியபிளை மாற்றினாலும் கண்டுகொள்ளாது. பில்டு டைரக்டரியை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். சிமேக் ஓடியதும் மேலே வரும் வரிகளில் கம்பைலரின் பெயரும் பதிப்பும் இருக்கும். இப்போதெல்லாம் அந்த வரியைக் கண்ணால் பார்க்காமல் பில்டை ஓட்டும் கருவியான நிஞ்சாவை நான் தட்டுவதில்லை.

சரியான கம்பைலர்தான் என்று நிம்மதியாக ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. இந்த முறை கம்பைல் எரர் இல்லை. எல்எல்விஎம்-டேபிள்ஜென் என்ற ஒரு கருவி உண்டு. பில்டு நடக்கும்போதே அது உருவாகி, பில்டுக்கு நடுவிலேயே ஓடி, மீதிக்குத் தேவையான நிரலை எழுதித் தரும். அது கிளம்பவே மறுத்தது. சி++ புரோகிராம்கள் ஓடத் தேவையான லிப்எஸ்டிடிசி++ லைப்ரரியின் சிஸ்டம் ஃபைலில் ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.29 என்ற பதிப்புக் குறி இல்லை என்பதுதான் செய்தி.

விஷயம் இதுதான். புதிய கம்பைலர் தன்னோடு புதிய லிப்எஸ்டிடிசி++ லைப்ரரியையும் கொண்டுவருகிறது. ஆனால் புரோகிராமை ஓட்டும் நேரத்தில் லோடர் வழக்கமான இடத்திலிருந்து சிஸ்டத்தின் பழைய லைப்ரரியை எடுத்துவிடுகிறது. ஜிசிசி 4.8-இன் லைப்ரரி 3.4.19-ஓடு நின்றுவிடுகிறது, 11-இன் லைப்ரரி 3.4.29 வரை போகிறது. எந்த லைப்ரரி எடுக்கப்படுகிறது என்று காட்டும் எல்டிடி கட்டளையை அந்தக் கருவியின் மேல் ஓட்டிப் பார்த்தேன். ஒரே வரியில் உண்மை தெரிந்தது: என் டூல்செயின்ஸ் டைரக்டரிக்குப் பதிலாக சிஸ்டத்தின் லிப்64 அங்கே நின்றது.

லைப்ரரியை எங்கே தேடுவது என்று லோடருக்குச் சொல்லும் எல்டி லைப்ரரி பாத் என்ற வேரியபிளை மாற்றிச் சமாளித்தேன். அன்றைக்கு ஓடியது. மறுநாள் வேறொரு டெர்மினலில் உள்ளே நுழைந்து நிஞ்சாவைத் தட்டினால் அதே பிழை. அந்த வேரியபிள் முந்தைய டெர்மினலோடு போய்விட்டது. நிரந்தரத் தீர்வு ஆர்பாத். கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைத்து லிங்க் செய்யும்போதே, உன் லைப்ரரி இந்த இடத்தில் இருக்கிறது என்று பைனரிக்குள் எழுதி வைப்பது. சிமேக்குக்குக் கொடுக்கும் லிங்கர் ஃப்ளாக்கில் டூல்செயின்ஸுக்குள் இருக்கும் லிப்64-இன் முழுப் பாதையைச் சேர்த்தேன். லிப் இல்லை, லிப்64. அரை நாள் நான் அங்கேதான் தொலைத்தேன். எல்எல்விஎம்மின் சொந்த ஆவணத்திலேயே இந்தப் பிழையும் தீர்வும் எழுதியிருக்கிறது. அதைத் தொடங்கும் முன்பே படித்திருக்க வேண்டும்.

*

வணக்கம் அண்ணா. நான் இன்ஜினியரிங் கடைசி வருடம். என்னுடைய லேப்டாப்பில் 8 ஜிபி ரேம். கம்பைலர் புதிதுதான், உபுண்டுவோடு வந்தது, அதில் பிரச்சினை இல்லை. நான் கிளாங்கையும் (எல்எல்விஎம்மின் சி, சி++ கம்பைலர்) சேர்த்து டீபக் பில்டாக, அதாவது பிழை தேட உதவும் தகவலோடு, ஓட்டினேன். ஏறக்குறைய முடியும் நேரத்தில் லிங்க் செய்யும்போது லேப்டாப் அப்படியே உறைந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் "கில்டு" என்று மட்டும் இருக்கும். மூன்று நாள் இரவு சோர்ஸில்தான் ஏதோ தப்பு என்று தேடிக்கொண்டிருந்தேன். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையைப் போட்டுப் பார்க்கச் சொன்னது எங்கள் லேப் அசிஸ்டென்ட் அக்கா. மெமரி தீர்ந்துபோனதால் கெர்னலே லிங்கரை நிறுத்தியிருக்கிறது.

நான் மாற்றியது நான்கு விஷயம். டீபக்குக்குப் பதில் ரிலீஸ். எல்லா ப்ராசஸர்களுக்கும் பில்டு செய்யாமல் எக்ஸ்86 மட்டும். லிங்கராக, எல்எல்விஎம்மின் சொந்த லிங்கரான எல்எல்டி. அப்புறம் ஒரே நேரத்தில் ஒரு லிங்க் வேலை மட்டும் என்று கட்டுப்படுத்தும் ஆப்ஷன். இது நிஞ்சா இருந்தால்தான் வேலை செய்யும், மேக் (make) என்ற பழைய பில்டு கருவியில் செய்யாது. இரவு போட்டுவிட்டுத் தூங்கினேன், காலையில் முடிந்திருந்தது. 8 ஜிபியில் முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ரிலீஸில் முடியும்.

*

நான் பில்டு செய்தது ஃபயர்பாக்ஸ். அதில் மாக் என்ற ஸ்கிரிப்டுக்கு பூட்ஸ்ட்ராப் என்று ஒரு கட்டளை உண்டு. கிளாங், ரஸ்ட் என்று தேவையானதை அதுவே இறக்கி வைத்துக்கொள்கிறது. சிஸ்டத்தில் இருக்கும் கம்பைலரைப் பற்றி எனக்குக் கவலையே வரவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் பகுதியில் மட்டும் கைவைப்பவர்களுக்கு ஆர்டிஃபேக்ட் பில்டு இருக்கிறது. சி++ பகுதியை ஏற்கெனவே கம்பைல் செய்ததாகவே இறக்கிக்கொள்ளலாம். எல்லாப் பெரிய ப்ராஜெக்ட்டும் இப்படிச் செய்தால் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஓடிப்போக மாட்டார்கள்.

முதலில் எழுதியவரிடம் ஒரு கேள்வி. புதிய ஜிசிசியால் என் நிரலைக் கம்பைல் செய்துவிட்டு, டெவ்டூல்செட்டில் கட்டிய ஒரு லைப்ரரியோடு லிங்க் செய்தால், சிஎக்ஸ்எக்ஸ்11 என்று பெயரில் வரும் ஸ்ட்ரிங் எதுவும் கிடைக்கவில்லை என்று நீளமாக வருகிறது. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

*

பார்த்திருக்கிறேன். ஜிசிசி 5-இல் ஸ்ட்ரிங், லிஸ்ட் இரண்டின் உள் அமைப்பையும் மாற்றினார்கள். சென்ட்ஓஎஸ் 7-இன் டெவ்டூல்செட், கம்பைலர் புதிதாக இருந்தாலும் பழைய அமைப்பையே பயன்படுத்தும். சோர்ஸிலிருந்து நீங்கள் பில்டு செய்த ஜிசிசி புதிய அமைப்பில் போகும். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று அடையாளம் காணாது. அந்த லைப்ரரியின் சோர்ஸ் கையில் இருந்தால் அதையும் உங்கள் ஜிசிசியிலேயே மறுபடி கம்பைல் செய்துவிடுங்கள். இல்லையென்றால், உங்கள் நிரல் முழுவதையும் எந்த அமைப்பு என்று தேர்ந்தெடுக்கும் சிஎக்ஸ்எக்ஸ்11 ஏபிஐ மேக்ரோவை பூஜ்யமாக வைத்துக் கம்பைல் செய்யுங்கள். பாதி இப்படி, பாதி அப்படி வேண்டாம். செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.