எங்கள் டீச்சரின் படம் யாரிடமாவது இருக்கிறதா?

காரைக்குடிப் பக்கத்து அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு ஒண்ணாம் வகுப்பு எடுத்த டீச்சர் போன வாரம் காலமாகிவிட்டார். பதினாறாம் நாள் படத்திறப்பு. அவர் வீட்டில் இருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதில் அந்தச் சிரிப்பு இல்லை.

1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த சமயம் நாங்கள் அவரிடம் படித்தோம். லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை போல வளைந்திருந்த பழைய வடிவத்தை இழந்தன. டீச்சர் மட்டும் இரண்டு வடிவத்தையும் சிலேட்டில் எழுத வைத்தார். "புதுசு பரீட்சைக்கு, பழசு உங்க ஐயா பர்மாவிலிருந்து போட்ட கடிதத்தைப் படிக்க" என்பார். அந்தக் கடிதங்களை இன்றும் என்னால் படிக்க முடிகிறது. அவர் தந்ததுதான்.

உங்கள் வீட்டுப் பெட்டகத்தில், பரணில் கொஞ்சம் தேடிப் பாருங்கள். குரூப் போட்டோ, ஆண்டு விழாப் படம், அவர் கையெழுத்துள்ள ரேங்க் கார்டு எதுவானாலும் சரி. படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்காதீர்கள், கிழிந்துவிடும். வெளிச்சம் பட்டுப் பளபளக்காமல் அப்படியே போனில் எடுங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினால் தெளிவு குறையாது. அப்புறம், அவரைப் பற்றி நினைவிருப்பதை நாலு வரி எழுதுங்கள். படத்திறப்பன்று அவர் மகளிடம் கொடுக்க வேண்டும்.