டிரை-டிப் கறி புளியந்தோப்புப் பக்கம் முழுசாகக் கிடைக்குமா?

பெரம்பூர்_ரிட்டர்ன்:
எட்டு வருடம் கலிபோர்னியாவில் இருந்துவிட்டு ஆடி மாதம்தான் பெரம்பூருக்குத் திரும்பினேன். அங்கே சாண்டா மரியா பக்கம் டிரை-டிப் என்று ஒரு மாட்டுக்கறித் துண்டு, முக்கோணமாக, ஒரு கிலோவுக்கு முன்னே பின்னே இருக்கும், உப்பும் மிளகும் பூண்டுத்தூளும் தடவி சிவப்பு ஓக் விறகில் வாட்டுவார்கள். ஞாயிறு ஆனால் நாக்கு அதையே கேட்கிறது. இங்கே இரண்டு கடையில் விசாரித்தேன், "எலும்போடவா, தனிக்கறியா?" அவ்வளவுதான் கேள்வி. ஆப்பில் ஸ்டேக் என்று போட்டிருந்ததை வாங்கினால் கட்டைவிரல் அளவு துண்டுகளாக வந்தது. யாராவது முழுசாக வாங்கியிருக்கிறீர்களா?

கறிக்கட்டை:
எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து இதே தொழில். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, இடத்தைக் காட்டிக் கேளுங்க. இடுப்பெலும்பு முனையிலிருந்து முட்டியைப் பார்த்து இறங்குகிற தொடைக்கறி, முன்பக்கம், வெளிப்புறமாக இருக்கும், மேலே கொழுப்பு படர்ந்திருக்கும். பக்கத்துக்கு ஒன்று, ஒரு மாட்டுக்கு இரண்டுதான். நாங்கள் அதைத் தனியாக எடுப்பதில்லை, தொடையைத் தொங்கவிட்டு அப்படியே அரிந்துகொண்டு வருவோம், விடிவதற்குள் பாதி பக்கோடாக் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் போய்விடும். முந்தின நாளே சொல்லிவைத்து, கத்தி படுவதற்கு முன்னால் போய் நில்லுங்க. எட்டு மணிக்குப் போய்க் கேட்டால் சிரிப்பார்கள்.

வியாசை_வஜ்ஜிரி:
வஜ்ஜிரி, அதான் மாட்டு இரைப்பை, கிடைக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு முக்கோணம் தேடுறீங்களே தலைவா! சரி, விஷயத்துக்கு வருகிறேன். துண்டு கிடைத்தாலும் அந்தப் பதம் வராது. அங்கே ஒன்றரை, இரண்டு வயது மாடு. இங்கே 1958ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டப்படி பத்து வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்றோ, காயம், ஊனம், தீராத நோயால் நிரந்தரமாக முடங்கிவிட்டது என்றோ சான்று வாங்கின மாடுதான் வெட்டலாம். நரம்பும் நாருமாக இருக்கும். எங்கள் மாமா துபாயிலிருந்து வந்த ஜோரில் மொட்டைமாடியில் அடுப்பு மூட்டி ஸ்டேக் போட்டார், மென்று மென்று எல்லோருக்கும் தாடை வலி, கடைசியில் அம்மா அதைக் குக்கரில் போட்டு எட்டு விசில் விட்டார். பச்சைப் பப்பாளி அரைத்துத் தடவி ஒரு மணி நேரம் வையுங்க, ராத்திரி முழுக்க விட்டால் மேலெல்லாம் கூழாகிவிடும். அப்புறம், அந்தத் துண்டில் நார் பாதியில் திசை மாறும். அந்த இடத்தில் இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் நாருக்குக் குறுக்கே மெல்லிசாக அரியணும்.

பெரம்பூர்_ரிட்டர்ன்:
கிடைத்துவிட்டது! சனிக்கிழமையே சொல்லிவைத்து, இன்று ஐந்தரைக்குப் போய் நின்றேன். கறிக்கட்டை அண்ணன் சொன்ன மாதிரி என் இடுப்பிலேயே தொட்டுக் காட்டினேன், கடைக்காரப் பாய் ஒரு நிமிடம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அழகாக உரித்து எடுத்தார். முக்கால் கிலோதான், கொழுப்பு நல்ல மஞ்சள். சவுக்குக் கட்டைக் கரியில் வாட்டினேன். சாண்டா மரியா இல்லை, ஆனால் ஓரத்துத் துண்டுகள் அருமை, நடுவில் கொஞ்சம் தாடைக்கு வேலைதான். கிளம்பும்போது, இதை என்ன செய்யப் போறீங்க என்று பாய் கேட்டார். முழுசாகச் சுடப்போகிறேன் என்றேன். பதிலே சொல்லாமல் கால் கிலோ வஜ்ஜிரியைக் கூடவே கட்டிக் கொடுத்தார், "எதுக்கும் இருக்கட்டும்."