உறவின்முறை குழு: சின்ஜியாங்கில் அந்த 5 வருஷம்

சாச்சா: ஜும்ஆ பயான்ல உய்குர் முஸ்லிம்கள் படுற பாட்டப் பத்திப் பேசுனாங்க. சென் சுவான்குவோன்னு ஒரு பேரும் வந்துச்சு. யாரும்மா அது? நீதான் இதெல்லாம் படிக்கிறவ.

லாத்தா: சீனாவுல உய்குர் மக்கள் வாழ்ற சின்ஜியாங்ல கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளரா இருந்தவர் சாச்சா. 2016 ஆகஸ்ட்லேருந்து 2021 டிசம்பர் வரைக்கும். அங்க கவர்னருக்கு மேல இவர் கைதான் ஓங்கும்.

மாமி: எல்லாம் அந்தாள் செஞ்ச வேலையா?

லாத்தா: முன்னாடியே நெருக்கடி இருந்துச்சு மாமி. உய்குர் பேராசிரியர் இல்ஹாம் தோஹ்திக்கு ஆயுள் தண்டனை குடுத்தது 2014-ல. சென் சின்ஜியாங் வர்றதுக்கு முன்னாடி 5 வருஷம் திபெத்ல கட்சிச் செயலாளர். அங்க லாசா நகரத்துல தெருமுனைக்குத் தெருமுனை போலீஸ் பூத், பக்கத்து வீட்டப் பக்கத்து வீடே வேவு பாக்கணும். அதத்தான் இங்கயும் கொண்டு வந்து பல மடங்கு பெருசாக்குனார்.

மச்சான்: பாஸ்போர்ட்டையும் வாங்கி வச்சுக்கிட்டாங்களாமே?

லாத்தா: ஆமா, 2016 கடைசியில. 2017 ஏப்ரல்ல தாடிக்கும் முகத்திரைக்கும் எதிரா சட்டம் போட்டாங்க. அந்த வருஷமே ஆளுங்கள அடைச்சு வைக்கிற முகாம்கள் நிறைய ஆரம்பிச்சிடுச்சு. 10 லட்சம் பேர் வரைக்கும் அடைச்சிருக்கலாம்னு 2018-ல ஐநா குழுவுல பேசுனாங்க. சீனா முதல்ல மறுத்துச்சு, ரெண்டு மாசத்துல தொழிற்பயிற்சி மையம்னு சட்டத்துலயே எழுதிடுச்சு.
நாம பேசுற இந்த வாட்ஸ்அப் ஃபோன்ல இருந்தாலே அப்ப அங்க போலீஸ் கம்ப்யூட்டர் சந்தேகப் பட்டியல்ல சேத்துச்சு.

மாமி: யா அல்லாஹ்!

சாச்சா: அந்தாளுக்குத் தண்டனை?

லாத்தா: பதவி உயர்வு சாச்சா. 2017 அக்டோபர்ல கட்சியோட உச்சக் குழுவான பொலிட்பீரோவுல இடம். 2020-ல அமெரிக்கா அவர் மேல தடை போட்டுச்சு, 2022-ல பொலிட்பீரோவ விட்டுப் போனார். விசாரணை எதுவும் நடக்கல. அவர் ஒருத்தர் தலையில கட்டிட்டு மத்தவங்கள விட்டுடக் கூடாதுன்னு எனக்குத் தோணுது. அந்த வேலையப் பாத்து மேல தூக்கி விட்டவங்களும் பதில் சொல்லணும்.

சாச்சா: மத்த நாடெல்லாம் என்ன பண்ணுச்சு?

லாத்தா: மனித குலத்துக்கு எதிரான குற்றமா இருக்கலாம்னு 2022 ஆகஸ்ட் 31-ல ஐநா மனித உரிமை அலுவலகமே அறிக்கை குடுத்துச்சு. அத விவாதிக்கலாமான்னு அக்டோபர்ல ஐநா மனித உரிமை கவுன்சில்ல ஓட்டு. ஆதரவு 17, எதிர்ப்பு 19, விலகுனது 11. இந்தியா விலகிடுச்சு. பாகிஸ்தான், இந்தோனேசியா, கத்தார், எமிரேட்ஸ் எல்லாம் விவாதமே வேணாம்னு ஓட்டுப் போட்டுச்சு.

மாமி: கத்தாரா? நம்ம புள்ளைங்க வேலை பாக்குற கத்தாரா?

லாத்தா: அதேதான் மாமி. அன்னைக்கு முழுக்க எனக்கு ஆத்திரம் அடங்கல.
ராஹிலே தாவுத்னு ஒரு உய்குர் பேராசிரியை. ஊர் ஊராப் போயி தர்காக்களையும் நாட்டுப்புறக் கதைகளையும் பதிஞ்சு வச்சவங்க. 2017 டிசம்பர்ல காணாமப் போனாங்க. ஆயுள் தண்டனைன்னு வெளிய தெரிஞ்சது 2023-ல.

மச்சான்: எங்ககிட்ட சரக்கு வாங்குற பையர்ங்க, பஞ்சு எங்க விளைஞ்சதுன்னு பேப்பர் கேக்குறது இதுக்குத்தானா?

லாத்தா: ஆமா மச்சான். 2022 ஜூன்லேருந்து அமெரிக்காவுல சின்ஜியாங் சரக்குன்னாலே கட்டாய வேலையில வந்ததுன்னுதான் எடுத்துக்குவாங்க. இல்லைன்னா இறக்குமதி பண்றவங்கதான் நிரூபிக்கணும். எரிச்சல் படாம குடுங்க.

மச்சான்: எரிச்சல்தான் பட்டுக்கிட்டு இருந்தேன். நாளைக்கே மில்லுல பஞ்சு பில் கேட்டு வாங்குறேன்.