கிரிப்டோகிராஃபி செமஸ்டர்: ஆர்.எஸ்.ஏ. கணக்குல டி மைனஸ்ல வருது

கேள்வி:
அண்ணா யுனிவர்சிட்டி, ரெகுலேஷன் 2021. கிரிப்டோகிராஃபி, சைபர் செக்யூரிட்டி பேப்பருக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கு. ஆர்.எஸ்.ஏ.வுல (என்கிரிப்ட் பண்ண ஒரு கீ, டீகிரிப்ட் பண்ண வேற கீ வச்சிருக்கற முறை) டீகிரிப்ட் பண்ற கீயான டி மைனஸ்ல வருது, டீகிரிப்ட் பண்ணா பழைய மெசேஜ் திரும்ப வரமாட்டேங்குது. எங்க தப்பு? மீதி நாள்ல எதைப் பார்க்கலாம் அண்ணா?

பதில் 1:
மைனஸ் வர்றது தப்பில்லை தம்பி, அதை அப்படியே விடறதுதான் தப்பு. சின்ன எண்ணுல போட்டுப் பாருங்க. பகா எண்கள் பி = 5, க்யூ = 17, என்கிரிப்ட் பண்ற கீ ஈ = 3. என் = 5 × 17 = 85, ஃபை = (பி − 1) × (க்யூ − 1) = 4 × 16 = 64. ஈ × டி-யை ஃபையால வகுத்தா மீதி 1 வரணும், அப்படிப்பட்ட டி-தான் வேணும்.

64 = 21 × 3 + 1. அப்போ 1 = 64 − 21 × 3, டி = −21. இதோட 64-ஐக் கூட்டினா 43. சரியான்னு பார்க்க 3 × 43 = 129, 64-ஆல வகுத்தா மீதி 1. பல பேர் இங்க 85-ஐக் கூட்டிடறாங்க, அதோட கணக்கே போச்சு. டி கண்டுபிடிக்க ஃபை, மெசேஜுக்கு என். இதைக் குழப்பவே கூடாது.

மெசேஜ் 8-னா, 8 × 8 × 8 = 512, 85-ஆல வகுத்தா மீதி 2. இதுதான் சைபர் டெக்ஸ்ட், அதாவது என்கிரிப்ட் ஆன மெசேஜ். டீகிரிப்ட் பண்ண 2-இன் அடுக்கு 43 வேணும். அது 13 இலக்க எண். கால்குலேட்டர் பத்து இலக்கம்தான் காட்டும், கடைசி இலக்கம் தெரியாம மீதி எடுக்க முடியாது. அடுக்கை உடைங்க: 2-இன் அடுக்கு 8 = 256, மீதி 1. 43 = 8 × 5 + 3. மிஞ்சறது 2-இன் அடுக்கு 3, அதாவது 8. மெசேஜ் வந்துடுச்சு. இந்த சரிபார்ப்பையும் பேப்பர்ல எழுதிடுங்க.

பதில் 2:
ஆர்.எஸ்.ஏ. கைக்கு வந்ததும் ஏ.இ.எஸ்.ஸுக்கு (ஒரே கீயால என்கிரிப்ட், டீகிரிப்ட் ரெண்டும் பண்ற முறை) ரெண்டு நாள் ஒதுக்குங்க. 13 மார்க் கேள்விக்கு நல்லா நின்னு எழுதலாம். 16 பைட்டை 4 × 4 கட்டத்துல மேலிருந்து கீழா, நிரல் நிரலா நிரப்பணும். இடமிருந்து வலமா நிரப்பினா வரிசைகளை நகர்த்தற ஷிஃப்ட் ரோஸ் படியிலயே எல்லாம் கலைஞ்சிடும். 128 பிட் கீக்கு 10 ரவுண்டு, ரவுண்டு கீ 11, மொத்தம் 44 வேர்டு (ஒரு வேர்டுக்கு 4 பைட்). கடைசி ரவுண்டுல நிரல்களைக் கலக்கற மிக்ஸ் காலம்ஸ் படி கிடையாது. படம் போடும்போது விட்டுப்போறது இதுதான்.

மெசேஜுக்கு 512 பிட் ஹாஷ் (கைரேகை மாதிரி ஒரு அடையாளம்) தர்ற எஸ்.ஹெச்.ஏ. 512-ல பேடிங்கைத் தனியாப் பாருங்க. பேடிங்னா, நீளத்தை 1024-ஆல வகுத்தா மீதி 896 வர்ற மாதிரி மெசேஜ் பின்னாடி பிட் சேர்க்கறது. மெசேஜ் நீளம் ஏற்கெனவே சரியா 896 பிட் இருந்தாலும் பேடிங் உண்டு, 1024 பிட் சேரும். கடைசி 128 பிட்ல மெசேஜோட ஒரிஜினல் நீளம்.

பதில் 3:
சைபர் கிரைம் கேள்வியில ஐ.டி. சட்டத்தை எழுதறதா இருந்தா, பழைய ஜெராக்ஸ் நோட்ஸ்ல இருக்கற 66ஏ பிரிவை (ஆன்லைன்ல புண்படுத்தற மெசேஜ் அனுப்பறது பத்தினது) நடைமுறையில இருக்குன்னு எழுதிடாதீங்க. 2015 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. அடுத்தவர் பாஸ்வேர்டைத் திருடிப் பயன்படுத்தினா 66சி, ஆள்மாறாட்டம் பண்ணி ஏமாத்தினா 66டி, சைபர் பயங்கரவாதத்துக்கு 66எஃப். ஃபிஷிங் (போலி மெயில், லிங்க் அனுப்பி பாஸ்வேர்டைக் கறக்கறது) கேஸ் கொடுத்தா 66சி, 66டி ரெண்டையும் சேர்த்தே எழுதுங்க.