பென்ஷன் நின்றுவிடும் என்று தெரிந்தே செய்துகொண்ட கல்யாணம்

திருச்சி, பெண், 61 வயது:

என் முதல் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். 2016-ல் காலமானார். மகள் கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். எனக்கென்று இருந்தது குடும்ப ஓய்வூதியம்தான். கைக்கு மாதம் 19,000 சொச்சம்.

2022 நவம்பரில், பென்ஷன் தொடர உயிரோடு இருக்கிறேன் என்று காட்டும் வாழ்நாள் சான்று கொடுக்க வங்கிக்குப் போனேன். கைரேகை பதியவே இல்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்ந்துபோன விரல்கள். ஐந்தாவது தடவையும் சிவப்பு விளக்கு எரிந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னால் நின்றவர் தன் கைக்குட்டையைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்துக் கொடுத்து, "கட்டை விரலை விடுங்கம்மா, மோதிர விரலை வச்சுப் பாருங்க" என்றார். பதிந்தது. அவர்தான் இன்று என் கணவர்.

அவர் ஒரு தனியார் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். பி.எஃப். பென்ஷன் 2,870 ரூபாய். மனைவி தவறி ஆறு வருடம். ஸ்ரீரங்கத்தில் சொந்த வீடு, இரண்டு பையன்கள். ஒரு வருடம் பேசிப் பழகிய பிறகு, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். ஊர் என்ன சொல்லும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பென்ஷன் போய்விடுமே என்பதுதான் முதலில் வந்தது. மறுமணம் செய்தால் விதவைக்குக் குடும்ப ஓய்வூதியம் நின்றுவிடும். குழந்தை இல்லாதவருக்கு, வேறு வருமானம் குறைவாக இருந்தால் தொடரும் என்று விலக்கு உண்டு. எனக்கு மகள் இருப்பதால் அது பொருந்தாது.

தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: "சமயபுரத்தில் மாலை மாத்திக்கோங்க, பதிவு பண்ணாதீங்க, வங்கியில் வாய் திறக்காதீங்க." அப்படி வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மறுமணம் செய்தால் தெரிவிப்பேன் என்று எழுதிக் கொடுத்தது நான். என்றாவது ஒருநாள் மொத்தத்தையும் திருப்பிக் கட்டு என்று ஓலை வருமோ என்ற பயத்தில் என்னால் சோறு தின்ன முடியாது. அதைவிட, பதிவு இல்லாவிட்டால் நாளைக்கு அவருக்கு ஒன்று ஆனால் நான் அந்த வீட்டில் யார்?

இதை அவரிடம் அப்படியே கேட்டேன். மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தார். மூன்று பத்தி கோடு போட்டிருந்தார்: உங்களுது, என்னுது, நம்மளுது. என் பத்தியில் முதல் வரி, "பென்ஷன் 19,000, என்னால் போகுது." அதைப் படித்தபோதுதான் சரி என்று முடிவெடுத்தேன். என் இழப்பை ஒரு ஆண் தன் கையால் கணக்கில் எழுதி நான் பார்த்ததே இல்லை.

பையன்களோடு பேசிய அன்றுதான் கஷ்டம். பெரியவன் மரியாதையாகத்தான் கேட்டான். "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. அப்பா உயில் எழுதாமப் போனா வீட்டுல மூணுல ஒரு பங்கு உங்களுக்கு. உங்களுக்கு அப்புறம் அது உங்க பொண்ணுக்குத்தானே போகும்?" உண்மைதான். அவன் அம்மா வளையலை அடகு வைத்துக் கடைக்கால் போட்ட வீடு அது. அவன் கேட்டதில் எனக்குக் கோபமே வரவில்லை. முடிவில் உயில் எழுதிப் பதிவு செய்தார். வீடு பையன்களுக்கு, நான் இருக்கும்வரை அதில் குடியிருக்கும் உரிமை எனக்கு. சின்னவன் உயில் வேண்டாம், இப்போதே செட்டில்மென்ட் எழுதுங்கள் என்றான். அதற்கு அவர் ஒப்பவில்லை. செட்டில்மென்ட் எழுதினால் அன்றைக்கே கை மாறிவிடும், உயில் என்றால் உயிரோடு இருக்கும்வரை வீடு அவருடையது.

2024-ல் கல்யாணம். 90 நாளைக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. முதல் துணைகளின் இறப்புச் சான்று இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது இருவருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அப்புறம் தபால் நிலையத்தில் என் பெயரில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் போட்டார். 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய். கல்யாணத்துக்கு முன்பே கொடுத்திருந்தால் 50,000-க்கு மேல் வந்த அன்பளிப்பு என்று என் தலையில் வரி விழுந்திருக்கும். இப்போது வரிக் கணக்கில் அந்த வட்டி அவர் வருமானத்தோடு சேர்கிறது. மாதத்துக்குப் பார்த்தால் 10,250, பழைய பென்ஷனில் பாதி. ஆனாலும் என் பெயரில் வருகிறது.

மதுரை, ஆண், 67 வயது:

அம்மா, செட்டில்மென்ட் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் கை நடுங்கியது. மனைவி போன துக்கத்தில், 2018-ல் வீட்டை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன். நாலு வருடம் கழித்து, கணவரை இழந்த ஒரு பெண்ணைத் துணையாக அழைத்து வரலாமா என்று கேட்டேன். அன்று மாலை என் அறைச் சாவி மாறியிருந்தது. பெட்டி வாசலில்.

"கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்று பத்திரத்தில் ஒரு வரி இருந்தது. எழுதிய பத்திர எழுத்தர் பிடிவாதமாகச் சேர்த்தது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தேன், பத்திரம் ரத்தானது. ஆனால் அதற்குள் ஒரு வருடம் ஓடிவிட்டது. அந்த அம்மா, "உங்க வீட்டுச் சண்டைக்கு நான் காரணமா இருக்க வேண்டாம்" என்று தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது வீட்டில் நான் மட்டும்தான்.

சேலம், பெண், 34 வயது:

என் அம்மாவுக்கு 57. ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று என்னிடம் சொல்ல எட்டு மாதம் தயங்கியிருக்கிறார். சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, "அவருக்கு எவ்வளவு வருது?" அம்மா பதில் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டார். இரண்டு நாளாக எனக்குத் தூக்கமில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாதா?

திருச்சி, பெண், 61 வயது:

கேட்க வேண்டிய கேள்விதான் கண்ணு. ஆனால் இரண்டாவதாக. என் மகள் முதலில் கேட்டது, "அவர் உன்கிட்ட எப்படிப் பேசுறார்மா?" என்றுதான். நான் கைக்குட்டைக் கதையைச் சொன்னேன். அதற்கு அப்புறம் அவளே நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். இன்றைக்கே அம்மாவுக்குப் போன் போடு.